புளிய மரமா, மாமரமா?

காவேரிப்பட்டணம் பக்கம் வளர்ந்த எங்களுக்கு ஏறி விளையாட இரண்டு மரங்கள்: சாலையோரப் புளி, தோட்டத்து மா.

ஏறுவதற்கு மாமரமே சுலபம். ஒட்டு மா இடுப்பு உயரத்திலேயே கவை பிரிந்துவிடும். ஆறு வயதுப் பிள்ளைகூடக் கால் வைத்துவிடலாம். புளி அப்படி இடம் கொடுக்காது. 20 மீட்டருக்கு மேலும் வளரும் மரம். அண்ணன் குனிந்து முதுகு கொடுத்தால்தான் முதல் கிளை எட்டும். இறங்குவதற்குள் பட்டை தொடையில் கோடு கிழித்திருக்கும்.

ஆனால் ஆட்டம் என்று வந்தால் புளிக்கு நிகரில்லை. நுனிக் கிளையைப் பிடித்துத் தொங்கினால் வில்லாக வளைந்து, தரைக்கு ஒரு சாண் மேலே நிறுத்தி, மறுபடி தூக்கும். முறியாது. வீட்டில் என் முதுகுக்கும் அதே புளியம் விளார்தான் என்பதால், அதன் உறுதியை இருவிதத்திலும் அறிந்தவன் நான்.

மாங்கிளை சொல்லாமல் கொள்ளாமல் ஒடியும். ஒருமுறை பெங்களூரா ரக மாமரத்தில் தொங்கினேன். 'படக்' என்றது, கிளை, பிஞ்சு, நான், எல்லாம் ஒன்றாகத் தரையில். தோட்டக்கார மாமா என் முழங்காலைப் பார்க்கவில்லை, உதிர்ந்த பிஞ்சுகளை எண்ணினார். போதாததற்கு, இலைகளைப் பின்னிக் கூடு கட்டும் செவ்வெறும்பு வேறு. காம்புப் பால் உதட்டில் பட்டால் வெந்துவிடும்.

தின்பதற்கு? மே மாதம் என்றால் மாதான், பேச்சே இல்லை. மற்ற நாட்களில் புளியின் துளிர், பூ, செங்காய்.

பொழுது சாய்ந்து இலைகள் கூம்பியதும், பாட்டி சொன்ன பேய்க்குப் பயந்து இறங்க வேண்டியிருந்தது. புளியிடம் எனக்கிருந்த குறை அது ஒன்றுதான்.