பழைய ஊசியா, புது ஊசியா? மெனிஞ்சைடிஸும் ஆப்பிரிக்காவும்

செனகலிலிருந்து எத்தியோப்பியா வரை, வறண்ட காற்று வீசும் மாதங்கள் என்றாலே மெனிஞ்சைடிஸ் (மூளையைச் சுற்றியுள்ள உறையைக் கிருமி தாக்கும் நோய்) பயம்தான். 1996-97இல் சுமார் 2,50,000 பேருக்கு வந்து 25,000 பேரைக் கொன்றது.

அப்போது இருந்தது பாலிசாக்கரைடு தடுப்பூசி, அதாவது கிருமியின் மேலுறையில் உள்ள சர்க்கரைச் சங்கிலியை மட்டும் வைத்துச் செய்தது. நோய் கிளம்பிய பிறகு ஓடிப்போய்ப் போடுவது, அதற்குள் பாதி அலை கடந்திருக்கும். 2 வயதுக்குள் உள்ள குழந்தைகளிடம் சரியாக வேலை செய்யாது, பாதுகாப்பும் சில வருடம்தான். அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு: தொண்டையில் கிருமியோடு நன்றாக நடமாடுகிறவரிடமிருந்து அது பரவுவதை இந்த ஊசி நிறுத்தாது.

2010இல் புர்கினா ஃபாசோ, மாலி, நைஜரில் வந்த மென்ஆஃப்ரிவாக் என்ற புது ஊசி கான்ஜுகேட் வகை. சர்க்கரைச் சங்கிலியைப் புரதத்தோடு கோத்திருப்பதால் தொண்டையில் கிருமி தங்குவதே குறையும், ஊசி போடாதவருக்கும் லாபம். புனேயில் தயாரித்தார்கள், டோஸ் 50 சென்டுக்கும் கீழே. அப்புறம், 40 டிகிரி வெயிலில் 4 நாள் வரை தாங்கும். ஐஸ் கட்டி தேடாமல் கடைசிக் கிராமம் வரை போகலாம். என்னைக் கேட்டால் பாதி வெற்றி இதில்தான்.

குறை? கிருமியின் ஏ வகையை மட்டும்தான் தடுக்கும். சி, டபிள்யூ வகைகள் அடங்கவில்லை. அதற்குத்தான் 5 வகைகளுக்கான ஊசி. 2024இல் நைஜீரியா முதலில் போடத் தொடங்கியது.