கத்தரியில் சைபர்மெத்ரின்: புழுவுக்குச் சரி, செம்பேனுக்கு?

ஒட்டன்சத்திரம் பக்கம் கத்தரித் தோட்டம். சைபர்மெத்ரின், லாம்டா சைஹாலோத்ரின் என்ற இரண்டு பூச்சிமருந்துகளையும் பல பட்டங்களாக மாற்றி மாற்றி அடித்துப் பார்த்தாயிற்று. தண்டு, காய்த் துளைப்பான் புழுவுக்கு மருந்து நன்றாகவே கேட்கும், விலையும் குறைவு. சங்கதியெல்லாம் இலைக்கு அடியில்தான்.

மாசி, பங்குனியில் அடித்தால் இரண்டு மூன்று வாரத்தில் இலை வெளிறிப் புள்ளி புள்ளியாகும். திருப்பினால் நூலாம்படை, உள்ளே இலைச்சாறு குடிக்கும் பொடிப் பிராணியான செம்பேன். 'அளவைக் கூட்டி அடிங்க' என்பார்கள் மருந்துக்கடையில். 10 மடங்கு லென்ஸை வைத்துப் பார்த்தால் தெரியும் கூத்து. மருந்து படிந்த இலையில் பேன் ஓரிடத்தில் தங்காது. சாறு குடிப்பதைக் குறைத்துக்கொண்டு ஓயாமல் நடக்கும். விளிம்புக்கு வந்து நூலில் தொங்கும், காற்று தூக்கிக்கொண்டு போகும். மருந்து எட்டாத அடியிலையிலோ அடுத்த பாத்தியிலோ குடியேறும். நெருக்கியடித்துக் கிடந்தது பரவிப் போவதால் எல்லாவற்றுக்கும் தின்னப் புது இலை கிடைக்கிறது. 30 டிகிரி வெப்பத்தில் முட்டை வளர்ந்த பேனாக ஒரு வாரம், பத்து நாள் போதும்.

செம்பேனைத் தின்னும் நல்ல பேன் ஒன்று உண்டு. வெளிர் நிறம், வேகமாக ஓடும். அது இலையில் படிந்த இதே மருந்தில் செத்துப்போகிறது. எனக்கு இதுதான் பெரிய நஷ்டமாகப் படுகிறது.

வெள்ளை ஈக்கு அடிக்கும் இமிடாகுளோப்ரிட் இன்னொரு வம்பு. செம்பேன் 8 கால் பிராணி, பூச்சியினமே கிடையாது. அந்த மருந்துக்கு அது அசையாது. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் வண்டுக்காக எல்ம் மரங்களுக்கு இதைக் கொடுத்தபோது, அந்த இலையைத் தின்ற சிலந்திப்பேன் (செம்பேனின் இனம்தான்) கூடுதலாக முட்டையிட்டதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

இப்போது வெயில் காலத்தில் புழுவுக்குக் குளோரான்ட்ரனிலிபுரோல்தான். விலை கடிக்கும், ஆனால் நல்ல பேனை அவ்வளவாகத் தொடுவதில்லை. வாடிய குருத்தைக் கிள்ளி அழிப்பதும் இனக்கவர்ச்சிப் பொறியும் கூடவே உண்டு. செம்பேன் தலைகாட்டினால் ஸ்பைரோமெசிஃபென், இலையின் அடிப்புறம் நனைகிற மாதிரி. அடுத்த முறை வேறு மருந்து. நனையும் கந்தகம் என்றால் சாயங்காலம்தான், உச்சி வெயிலில் இலை கருகும்.

சைபர்மெத்ரினை அடியோடு விட்டுவிடவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழையே செம்பேனை அடித்துப்போட்டுவிடும். வெறிப்பு விழும் நாளில் புழு மிஞ்சினால் ஒரு முறை அடிப்பேன். தை பிறந்துவிட்டால் எடுப்பதில்லை.