பேரூராட்சி அலுவலகத்தில் உபுண்டுவும் லிப்ரெஆபீஸும்: ஐந்து ஆண்டு அனுபவம்

ஏழு கணினிகள் உள்ள ஒரு பேரூராட்சி அலுவலகத்தில் நான் கணினி இயக்குநராகப் பணிபுரிகிறேன். 2020 ஜனவரியில் விண்டோஸ் 7-க்கான ஆதரவு நின்றபோது, புதிய உரிமங்களுக்கான செலவு அந்த ஆண்டுக்கு ஒதுக்கிய தொகைக்குள் அடங்காது என்று தெரிந்ததால், ஐந்து கணினிகளில் லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டுவையும், வேர்டு, எக்செல் செய்யும் வேலைகளைச் செய்யும் லிப்ரெஆபீஸையும் நிறுவச் செயல் அலுவலர் இசைந்தார். இரண்டும் திறமூல மென்பொருள்கள், அதாவது மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருப்பவை; உரிமத் தொகை கட்டாமல் பயன்படுத்தலாம். உரிமத் தொகை மட்டும் அதற்குக் காரணமன்று. குடிநீர்க் கட்டண மென்பொருள் ஒன்றின் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் அதற்கு முன்பே முடிந்திருந்தது; நிலுவைப் பட்டியலை எடுத்துத் தருவதற்கே அந்த நிறுவனம் தனிக் கட்டணம் கேட்டது. யார் எவ்வளவு கட்ட வேண்டும் என்று அச்சிட்டு வைத்திருந்த கேட்புப் பதிவேட்டைப் பார்த்து, நாங்கள் இருவர் மாலை நேரங்களில் அமர்ந்து, அத்தனை குடிநீர் இணைப்புகளின் விவரங்களையும் மீண்டும் தட்டச்சு செய்தோம். நம் பதிவேட்டை நாமே திறக்க இன்னொருவர் தயவை நாட வேண்டியிருந்தது எல்லோருக்கும் உறுத்தியது.

முதல் ஆறு மாதங்கள் சிரமமாகவே இருந்தன. மாவட்ட அலுவலகத்திலிருந்து வரும் வேர்டு கோப்புகளில் அட்டவணைகள் இடம் மாறி நின்றன. சொத்துவரிக் கேட்பு அறிவிப்புகளை முகவரியோடு இணைத்து அச்சிட, விரிதாளை முதலில் தரவு மூலமாகப் பதிவு செய்ய வேண்டும் என்பது பிடிபடவே எனக்கு அரை நாள் ஆனது. ஆனால் அன்று அமைத்த படிவம்தான் ஒவ்வோர் அரையாண்டும் இன்றுவரை ஓடுகிறது.

உண்மையான தலைவலி புதிய மென்பொருளில் இல்லை, பழைய கோப்புகளில் இருந்தது. ஒருங்குறிக்கு (யூனிகோடு) முந்தைய எழுத்துருக்களில் தட்டிய பெயர்ப் பட்டியலை வரிசைப்படுத்தினால் செல்வி, பெருமாள், வெங்கடேசன் ஆகிய மூவரும் ஒரே இடத்தில் கூடிவிடுவார்கள், ஏனென்றால் அந்தக் குறியாக்கத்தில் ஒற்றைக் கொம்புதான் முதல் எழுத்து. எழுத்துரு மாற்றியின் வழியாக எல்லாவற்றையும் ஒருங்குறிக்குக் கொண்டுவர இரண்டு வாரங்கள் பிடித்தன. அதன் பிறகுதான் லிப்ரெஆபீஸின் விரிதாள் செயலியான கால்க்கில் அகரவரிசை ஒழுங்காக வந்தது. வரித்தண்டலர் பெயரைத் தேடினால் உடனே கிடைத்தது. திறமூலத்துக்கு மாறினால் செலவே இல்லை என்று மன்றத்தில் யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பணமாகச் செலவாகாதது ஆள்நேரமாகச் செலவாயிற்று. மிஞ்சிய பணத்தில் பழைய கணினிகளுக்கு எஸ்எஸ்டி என்னும் வேகமான சேமிப்பகம் வாங்கிப் போட்டோம். அவை இன்னும் உழைக்கின்றன.

ஒப்பந்தப்புள்ளித் தளத்துக்கான டிஜிட்டல் கையொப்ப டோக்கனை (கணினியில் செருகிக் கையெழுத்திடும் சிறு கருவி) மட்டும் லினக்ஸில் நம்பிக்கையோடு இயக்க எங்களால் முடியவில்லை. ஆகவே இரண்டு கணினிகள் விண்டோஸிலேயே இருக்கின்றன.

தொடக்கத்தில் எங்களைப் பயமுறுத்தியவர்கள் ஜெர்மனியின் மியூனிக் நகரத்தைத்தான் காட்டினார்கள். 2003-இல் லினக்ஸுக்கு மாறத் தீர்மானித்து, 2013-க்குள் ஏறத்தாழ 15,000 கணினிகளை மாற்றிய அந்த நகரம், 2017-இல் விண்டோஸுக்குத் திரும்ப முடிவெடுத்தது உண்மைதான். அதே ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் 2024-இல் சுமார் 30,000 கணினிகளை லிப்ரெஆபீஸுக்கு மாற்ற முடிவெடுத்ததும் உண்மை. தனியொரு நகரம் செய்வதைவிட ஒரு மாநிலமே சேர்ந்து செய்வது எளிது என்று எனக்குப் படுகிறது. கோப்பு வரும் இடமும் போகும் இடமும் ஒரே வடிவத்தைப் பயன்படுத்தினால் அட்டவணை ஏன் இடம் மாறப் போகிறது?

இந்திய அரசின் 2015-ஆம் ஆண்டுத் திறமூல மென்பொருள் கொள்கை, திறமூலத்தைத் தவிர்க்கும் வழங்குநர் அதற்குக் காரணம் கூற வேண்டும் என்கிறது. அது மத்திய அரசு அமைப்புகளுக்கானது, மாநிலங்கள் விரும்பினால் ஏற்கலாம். எங்களுக்கு வந்த விலைப்புள்ளி எதிலும் அப்படி ஒரு வரியை நான் கண்டதில்லை. எனவே குடிநீர்க் கட்டண மென்பொருளுக்கு மறுபடி விலைப்புள்ளி கோரியபோது, கேட்கும் நாளில் முழுத் தரவையும் எந்த விரிதாள் மென்பொருளிலும் திறக்கக்கூடிய சிஎஸ்வி கோப்பாகக் கட்டணமின்றித் தர வேண்டும் என்ற நிபந்தனையை நாங்களே சேர்த்தோம். வந்த மூவரில் ஒருவர் மட்டும் அதற்குக் கையெழுத்திட மறுத்தார்.