பெயர் வைக்க அவசரப்படும் சாஃப்ட்வேர்: க்யூ-டாஃபில் லிப்பிட் பார்த்த அனுபவம்

என் லேபில் இருக்கும் க்யூ-டாஃபுக்கு, அதாவது மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு, டர்போ பம்ப் மாற்றியாகிவிட்டது. வெற்றிடம் பழைய நிலைக்கு வந்துவிட்டது. ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) புதுப்பிக்கச் சொல்லி அனுப்பிய கொட்டேஷனும் மேஜையில் கிடக்கிறது. இந்த நேரம் பார்த்து, வேறு ஊரில் லேப் தொடங்கும் நண்பர் கேட்கிறார்: "அதே மாடல் விலை இறங்கியிருக்காம், பிளாஸ்மா லிப்பிட் (ரத்தத்தின் கொழுப்பு வகைகள்) பார்க்க வாங்கலாமா?" போனில் பேசினால் திட்டத்தான் வரும், எழுதினால் கொஞ்சம் நியாயமாக இருப்பேன். கம்பெனி பெயர் வேண்டாம். ரெசல்யூஷன் (நெருங்கிய நிறைகளைப் பிரிக்கும் திறன்) 40,000 பக்கம் இருக்கிற எந்த க்யூ-டாஃபுக்கும் இதில் பாதியாவது பொருந்தும்.

மெஷினை மட்டும் எடுத்துக்கொண்டால் குறை சொல்ல மனம் வராது. காலையில் கேலிப்ரேஷன் செய்துவிட்டால் மாலை வரை நிறை அப்படியே நிற்கிறது. பிளாஸ்மா ஓட்டி ஓட்டி மெஷினின் நுழைவாயிலான கோன் அழுக்கானாலும், கழற்றி மெத்தனால்-தண்ணீரில் சோனிக்கேட் செய்து மாட்டினால் சிக்னல் திரும்பிவிடும். பம்ப் மாற்ற வந்த சர்வீஸ் தம்பியும் கெட்டிக்காரர். பம்ப் வந்து சேரத்தான் வாரக்கணக்கில் ஆனது, அதற்கு அவர் என்ன செய்வார்.

எதிர்பாராமல் கிடைத்த சந்தோஷம் ஒன்று உண்டு. மெஷினுக்கு முன்னால் கொழுப்புகளைப் பிரித்து அனுப்பும் சி18 குழாயிலிருந்து (column) ட்ரைகிளிசரைடுகள் வெளிவரும் ஒழுங்கு. அமோனியம் ஒட்டிய ட்ரைகிளிசரைடு 52:2 (சங்கிலிகளில் மொத்தம் 52 கார்பன், 2 இரட்டைப் பிணைப்பு) என்றால் நிறை 876.80. இரட்டைப் பிணைப்பு ஒன்று கூடினால் 52:3, 874.79-இல், கொஞ்சம் முன்னதாக வரும். கார்பன் இரண்டு கூடினால் பின்னுக்குப் போகும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். கார்பன் எண்ணிக்கையை ஒரு அச்சிலும் நேரத்தை மற்ற அச்சிலும் போட்டு, இரட்டைப் பிணைப்பு வாரியாக இணைத்துப் பாருங்கள், வரிசை வரிசையாகக் கோடுகள் விழும். கோட்டை விட்டுத் தள்ளி ஒரு புள்ளி நின்றால் அதன் பெயரைச் சந்தேகப்படலாம். பல நாள் இந்தப் படத்தைப் பார்க்கவே சீக்கிரம் லேபுக்குப் போயிருக்கிறேன்.

சரி, கோபத்துக்கு வருவோம். கூடவே தரும் சாஃப்ட்வேர் இந்தக் கோட்டைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. 5 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 5 பங்கு) நிறை பொருந்தினால் போதும், பெயர் வைத்துவிடும். அதன் விளைவை 782.57-இல் பாருங்கள். பிளாஸ்மாவில் பாஸ்பாட்டிடைல்கோலின் 34:1 நிறைய இருக்கும், பிசி என்றே சொல்கிறேன். புரோட்டான் ஏறினால் அது 760.585. சோடியம் ஏறினால் 782.567. புரோட்டான் ஏறிய பிசி 36:4 எங்கே வரும் தெரியுமா? 782.569. இடைவெளி 0.0024, அதாவது 3 பிபிஎம். இரண்டையும் நிறையால் மட்டும் பிரிக்க 3 லட்சத்துக்கு மேல் ரெசல்யூஷன் வேண்டும், இந்த மெஷினால் ஆகாத காரியம். அதைக் குறை சொல்லவில்லை, வாங்கும்போதே தெரிந்ததுதான். ஆனால் 36:4 முன்னாடியே வந்து போய்விடுகிறது. சோடியம் ஆசாமி 34:1-உடன் ஒட்டிக்கொண்டு பின்னால் வருகிறான். உடைத்துப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியும்: நிஜமான 36:4-இல் பிசியின் தலைப்பகுதித் துண்டான 184.07 கொடிகட்டிப் பறக்கும், சோடியம் ஏறியதில் 59 கழிந்து 723.49 தூக்கலாக நிற்கும். ஆதாரம் இரண்டும் அதே ஃபைலுக்குள் கிடக்க, சாஃப்ட்வேர் இரண்டு பீக்குக்கும் பிசி 36:4 என்றே எழுதுகிறது. 36:4-ஐ வைத்து அராகிடோனிக் அமிலம் கூடியதா குறைந்ததா என்று பார்க்கிற ஆய்வில் இது எவ்வளவு பெரிய வம்பு என்று சொல்லத் தேவையில்லை.

எழுதுகிற விதம் அடுத்த எரிச்சல். பிசி 16:0/18:1(9Z) என்று ஜம்பமாகப் போடும். நெகட்டிவ் மோடில் கொழுப்பு அமிலத் துண்டுகளான 255.23, 281.25 இரண்டும் தெரிந்தால் 16:0, 18:1 சங்கிலிகள் இருக்கின்றன என்று சொல்லலாம், சரி. எது கிளிசராலின் எந்தக் கார்பனில் உட்கார்ந்திருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல அது போதாது. அதற்காகத்தான் சாய்கோட்டுக்குப் பதில் அடிக்கோடு போட்டு 16:0_18:1 என்று எழுதும் வழக்கமே வந்தது. இரட்டைப் பிணைப்பு 9-ஆம் இடத்தில் என்பதற்கோ துளி ஆதாரமும் கிடையாது. சாதாரண மோதல் உடைப்பில் அது தெரியாது, ஓசோன் அல்லது பட்டர்னோ-ப்யூக்கி (Paternò–Büchi) வினை மாதிரி ஏதாவது வேண்டும். இரண்டும் இந்தப் பெட்டியில் இல்லை.

338.34 வேறு. எருக்கமைடு, பிளாஸ்டிக் டியூபில் வழுக்கலுக்காகச் சேர்ப்பது. பிளாஸ்மாவே சேர்க்காமல் ஓட்டும் பிளாங்கிலும் அதே உயரத்தில் நிற்கிறது. ஆனாலும் கொழுப்பு அமைடு வகையில் ஒரு லிப்பிட் என்று ரிப்போர்ட்டில் ஏறிவிடும். ஆக, பிரோஷரில் சொல்லும் "ஆயிரத்துக்கும் மேல்" எண்ணிக்கையில் டியூபும் சேர்த்தி.

அந்த எண்ணிக்கைப் பெருமையே எனக்கு ஒவ்வாது. அமெரிக்காவின் தர அளவீட்டு நிறுவனமான என்ஐஎஸ்டி ஒரே பிளாஸ்மாவை 31 லேபுகளுக்குக் கொடுத்து, 2017-இல் முடிவை வெளியிட்டது. எல்லோரும் சேர்ந்து அளந்தது 1,527 லிப்பிட். ஒருமித்த அளவு தர முடிந்தது 339-க்கு. விற்பனையாளரிடம் இதைச் சொன்னேன், "அது பழைய ஆய்வு சார்" என்றார்.

நியாயமாகச் சொன்னால், ரிப்போர்ட்டை நம்பாமல் ஒவ்வொரு பீக்கையும் கையால் திறந்து பார்க்க ஆளும் பொறுமையும் இருந்தால் இந்த விலைக்கு இது அருமையான மெஷின். மொத்தக் கொழுப்பு அமிலங்கள் மட்டும் போதும் என்றால் மெத்தில் எஸ்டராக்கி ஜிசி-எஃப்ஐடியில் (வாயு குரோமட்டோகிராஃபி) போடுங்கள். சரியான பிரிக்கும் குழாய் இருந்தால், இரட்டைப் பிணைப்பின் இடத்தில் மட்டும் மாறுபடும் ஒலெயிக்கையும் வாக்சினிக்கையும் அதுவே பிரித்துக் காட்டும். என் மெஷின் அதைச் செய்யாது.

இன்றைக்குக் கேட்டால் வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். கொட்டேஷனை இன்னொரு தடவை பார்த்தேன், அதனாலும் இருக்கலாம்.

மீறி டெமோவுக்குப் போனால், அவர்கள் வைத்திருக்கும் ஸ்டாண்டர்டு கலவையை ஓட்ட விடாதீர்கள். உங்கள் பிளாஸ்மாவையும், அதே டியூபில் எடுத்த பிளாங்க் ஒன்றையும் கொண்டுபோங்கள். பிசி 34:1 வெளிவரும் நேரத்தில் 782.57-ஐத் திறக்கச் சொல்லுங்கள். அங்கே 36:4 என்று எழுதியிருந்தால், விலையில் இன்னும் கொஞ்சம் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள்.