ஸ்டிக்கி ரைஸுக்கு நம்ம இட்லி பானையே போதும்: பாண்டியில இருந்து ஒரு நீண்ட நாள் அனுபவம்

வீட்ல ஸ்டிக்கி ரைஸ், அதாவது தாய்லாந்து, லாவோஸ் பக்கம் சாப்பிடுற ஒட்டரிசி சாதம், செய்யணும், என்ன பாத்திரம் வாங்கலாம்னு யார் கேட்டாலும் நான் சொல்றது ஒண்ணுதான், பாத்திரம் எதுவும் வாங்காதீங்க, அரிசிய ஒழுங்கா ஊற வைங்க. முத்தியால்பேட்டையில எங்க வீட்ல வருஷக்கணக்கா இத செஞ்சுட்டு இருக்கோம், பிரஷர் குக்கர், கரண்ட் ரைஸ் குக்கர், மூங்கில் கூடை, இட்லி பானைன்னு எல்லாத்துலயும் செஞ்சு பாத்தாச்சு, இன்னிக்கு வரைக்கும் அடுப்புல ஏறுறது அம்மாவோட பழைய இட்லி பானைதான்.

முதல்ல அரிசி. தாய்லாந்து கடை அரிசின்னு ஜாஸ்மின் ரைஸ எடுத்துட்டு வந்துடுறாங்க நிறைய பேரு, அது வேற இது வேற, ஜாஸ்மின் லேசா ஒட்டும், அவ்ளோதான். ஒட்டரிசிய பச்சையா கையில எடுத்து பாத்தாலே தெரியும், பொன்னி மாதிரி கண்ணாடியா இருக்காது, சுண்ணாம்பு வெள்ளையா மங்கலா இருக்கும். காரணம் உள்ள இருக்குற மாவுச்சத்து. நம்ம சாப்பாட்டு அரிசில அமைலோஸ்னு ஒரு பகுதி கணிசமா இருக்கும், அதுதான் சாதத்த உதிரியா நிக்க வைக்குது. ஒட்டரிசில அது அனேகமா கிடையாது, முழுக்க அமைலோபெக்டின்ங்கிற இன்னொரு பகுதிதான், அதான் அந்த பசை. ஒரு பருக்கைய உடைச்சு அயோடின் ஒரு சொட்டு விட்டு பாருங்க, நம்ம அரிசி கருநீலமாகும், இது சிவப்பு கலந்த பழுப்பாகும். இங்கிலீஷ்ல இதுக்கு குளூட்டினஸ் ரைஸ்னு பேரு, அத பாத்துட்டு கோதுமைல இருக்குற குளூட்டன் புரதம் இருக்குமோன்னு கோதுமை ஒத்துக்காதவங்க பயப்படுறாங்க, அது இதுல சுத்தமா இல்ல. விலை மட்டும் நம்ம அரிசிய விட பல மடங்கு, அத மறைக்க முடியாது.

ஊற வைக்கிறதுலதான் எல்லாமே இருக்கு. இந்த அரிசிய தண்ணி ஊத்தி வேக வைக்கிறது இல்ல, ஆவியில மட்டும்தான் வேகுது, அதனால அது உள்ள குடிக்க வேண்டிய தண்ணிய ஊறும்போதே குடிச்சாகணும். குறைஞ்சது 4 மணி நேரம், நான் பெரும்பாலும் ராத்திரி போட்டுடுவேன். இணையத்துல எல்லாரும் ராத்திரி முழுக்க வெளியவே வைங்கன்னு எழுதியிருப்பாங்க, அது மார்கழி தைக்கு சரி, சித்திரை வைகாசில நம்ம ஊர் புழுக்கத்துல விடியறதுக்குள்ள புளிச்ச வாடை வந்துடும், அதனால வெயில் காலத்துல ஃப்ரிட்ஜுக்குள்ளதான். ஊறிடுச்சான்னு பாக்க ஒரு பருக்கைய நகத்தால அழுத்துங்க, நடுவுல கல்லு மாதிரி எதுவும் இல்லாம பொடிஞ்சா சரி.

எங்க தெருவுல ஒரு ஆயா இருக்காங்க, அவங்க அப்பா பிரெஞ்சுக்காரன் காலத்துல வியட்நாம் சைகோன்ல வேலை பாத்தவரு, ஆயாவோட சின்ன வயசு முழுக்க அங்கதான். பாண்டில இப்படி நிறைய குடும்பம் உண்டு, வெளியூர்க்காரங்களுக்குத்தான் ஆச்சரியமா இருக்கும். நான் செய்ய ஆரம்பிச்ச புதுசுல அவங்க வந்து பாத்துட்டு சொன்னது, "தண்ணிய அரிசி மேல படவே விடாதம்மா, ஆவியே போதும், நடுவுல ஒரு தடவ பெரட்டி போடு." இதுக்கு மேல பெரிய ரகசியம் எதுவும் இல்ல. அவங்க செய்றது ஸோய், வியட்நாம்ல காலைல சாப்பிடுறது, ஊற வெச்ச பாசிப்பருப்பையும் ஒட்டரிசியையும் ஒண்ணா ஆவியில வேக வெச்சு மேல வறுத்த வெங்காயம் போட்டு தருவாங்க, வெண்பொங்கல் சாப்பிட்டு வளந்த நாக்குக்கு உடனே பிடிச்சு போச்சு.

இட்லி பானைல குழித்தட்டு வேணாம், கொழுக்கட்டைக்கு வைக்கிற ஓட்டை போட்ட தட்டைத் தட்டு எடுத்துக்கோங்க. இட்லி துணிய நனைச்சு பிழிஞ்சு விரிச்சு, நல்லா வடிச்ச அரிசிய அதுல ரொம்ப உயரமா குவிக்காம பரப்பி, துணியோட ஓரத்த மேல மூடி விட்டுடுங்க. தண்ணி தட்டுக்கு ரெண்டு விரக்கடை கீழ இருக்கணும், கொதிச்சு மேல தெறிச்சா அடியில இருக்கிற அரிசி குழைஞ்சுடும். ஆவி நல்லா வந்த பிறகு மொத்தம் 25 நிமிஷம், 15 நிமிஷத்துல துணியோட சேத்து தூக்கி மேல இருக்கறது கீழ வர்ற மாதிரி புரட்டி, வறண்டு தெரிஞ்சா கையால தண்ணி தெளிச்சு திரும்ப மூடணும். இறக்கினதும் ஒரு தாம்பாளத்துல கொட்டி கரண்டியால லேசா கிளறி அந்த முதல் ஆவிய வெளிய விடணும், இத செய்யலன்னா வெளிப்பக்கம் ஈரமா நசநசன்னு ஆயிடும், அப்புறம் ஹாட்பாக்ஸ்ல போட்டு மூடிட்டா சாப்பிடுற வரைக்கும் மெத்துனு இருக்கும்.

பிரஷர் குக்கர் வேணவே வேணாம், களி ஆயிடுது. கரண்ட் குக்கர் பரவால்ல, ஊறின அரிசிக்கு தண்ணிய ரொம்ப குறைச்சு வைக்கணும், அவசரத்துக்கு ஆகும் ஆனா அந்த மெல்லுற பதம் வராது. மூங்கில் கூடை இருக்கே, லாவோஸ், வடகிழக்கு தாய்லாந்துல கூம்பு வடிவத்துல வெச்சு செய்றது, அதுல வேகுற சாதத்துக்கு ஒரு நல்ல வாசனை வரும், அத நான் மறுக்கல, ஒட்டாம ஒரே உருண்டையா கழண்டு வர்றதும் அழகு. ஆனா கடலோரம் இருக்கிற நமக்கு ஐப்பசி கார்த்திகை மழைல அத காய வைக்கவே முடியல, பூஞ்சை பிடிச்சுடுது, எங்களோடது ரெண்டாவது மழைக்காலத்த தாண்டல.

எப்படி சாப்பிடுறதுன்னு கேட்டா, குழம்பு ஊத்தி பிசையாதீங்க. சாம்பாரும் ரசமும் இதுக்குள்ள போகவே போகாது, வெளியில வழிஞ்சு ஓடும். லாவோஸ்ல இதுதான் தினசரி சோறு, அவங்க கையால சின்ன உருண்டையா பிடிச்சு, அழுத்தி, அதால துவையலையோ கறியையோ தொட்டு எடுக்குறாங்க. நம்ம வீட்ல நெத்திலி வறுவலும் தக்காளி தொக்கும்தான் இதுக்கு ஜோடி, கருவாட்டு தொக்குன்னா இன்னும் மேல.

மாம்பழ சீசன்ல இனிப்பு. 1 கப் அரிசிக்கு முக்கால் கப் கெட்டி தேங்காய்ப்பால், கால் கப்புக்கு கொஞ்சம் மேல சர்க்கரை, அரை ஸ்பூன் உப்பு, உப்ப குறைக்காதீங்க, அதுதான் இனிப்ப தூக்கி காட்டுது. கொதிக்க விடாம சூடு பண்ணி, சாதம் ஆவி பறக்குறப்பவே ஊத்தி கிளறி மூடி அரை மணி நேரம் விட்டுடணும், ஆறின சாதத்துல ஊத்தினா இழுக்காது. தேங்காய்ப்பால்ல ரம்பை இலை ஒண்ணு முடிச்சு போடலாம், நர்சரில பிரியாணி செடின்னு கேட்டா குடுப்பாங்க. பங்கனப்பள்ளிதான் எனக்கு சரியா வந்துச்சு, நார் இல்ல. ஆனா மாம்பழத்த விட எங்க வீட்ல ஜெயிச்சது பண்ருட்டி பலாப்பழம், சுளைய கீறி கொட்டைய எடுத்துட்டு இந்த சாதத்த உள்ள அடைச்சு மேல தேங்காய்ப்பால் விடுறது, தாய்லாந்துலயும் இப்படி செய்றாங்க, கடலூர்ப்பக்கம் இருக்கிறவங்க ஆனி மாசத்துல கண்டிப்பா செஞ்சு பாருங்க. சர்க்கரை வியாதி இருக்கிறவங்களுக்கு மட்டும் அளவு வேணும், இந்த அரிசி வேகமா ரத்தத்துல சர்க்கரைய ஏத்தும், எங்கப்பாவுக்கு ஒரு சுளைதான்.

கருப்பு ஒட்டரிசி தனி கதை. செட்டிநாட்டு கவுனி அரிசி இனிப்பு நமக்கு தெரிஞ்சதுதான், மணிப்பூரோட சாக்-ஹாவ் கருப்பரிசிக்கு 2020ல புவிசார் குறியீடு கிடைச்சுது, வெள்ளைல அஸ்ஸாம்ல போரா சாவுல்னு ஒண்ணு இருக்கு. தாய்லாந்து அரிசிக்கு அலையறதுக்கு முன்னாடி இதுங்களையும் பாருங்க. தவிட்டோட இருக்கிறதால கருப்புக்கு ராத்திரி முழுக்க ஊறணும், வேகவும் கூட நேரம் ஆகும், நான் ஒரு பங்கு கருப்புக்கு மூணு பங்கு வெள்ளை கலந்து செய்றேன், மொத்தமும் ஊதா நிறமாகி வரும்.

மீந்தா ஃப்ரிட்ஜ்ல கல்லாட்டம் இறுகிடும், பயப்படாதீங்க, தண்ணி தெளிச்சு திரும்ப இட்லி பானைல பத்து நிமிஷம் வெச்சா பழைய பதம் வந்துடும். தேங்காய்ப்பால் கலந்தத மட்டும் அப்படி வைக்காம அன்னிக்கே முடிச்சுடுங்க. வெறும் சாதத்தையும் வெயில் காலத்துல மணிக்கணக்கா வெளிய விடாதீங்க, அதுல வளர்ற கிருமியோட விஷம் திரும்ப சூடு பண்ணாலும் போகாது.