38,500 ரூபாயும் போச்சு, முகமும் போச்சு: தர்மபுரி, கிருஷ்ணகிரி பொண்ணுங்க தயவு செஞ்சு படிங்க

கோவத்துல கை நடுங்குது, எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. கிருஷ்ணகிரியில ஒரு ஸ்கின் க்ளோ சென்டர். பேர் போட்டா கேஸ் போடுவோம்னு மிரட்டியிருக்காங்க, அதனால போடல. மாடியில இருக்கு, கண்ணாடிக் கதவு, வாசல்ல ஒரு மாடல் பொண்ணு பேனர், பாதி முகம் கருப்பு, பாதி முகம் பால் வெள்ளை. இந்த மாதிரிக் கடை எங்க இருந்தாலும் படியேறாதீங்க. என் தங்கச்சிகிட்ட 38,500 ரூபாய் வாங்கிட்டு அவ முகத்தைப் புண்ணாக்கி அனுப்பிட்டாங்க.

எங்க ஊரு பாலக்கோடு பக்கம். தக்காளித் தோட்டம் வச்சிருக்கிற குடும்பம், வீட்ல எல்லாருமே மாநிறம். பாப்பாவுக்கு, அதான் என் தங்கச்சிக்கு, ஓசூர்ல ஒரு கம்பெனியில லைன் வேலை, ஹாஸ்டல்ல தங்கியிருக்கா. 38,500ங்கிறது அவளுக்கு ரெண்டு மாச சம்பளத்துக்கும் மேல. ஓவர்டைம் பார்த்து, சீட்டு எடுத்துச் சேர்த்த காசு. ஸ்கூல்ல கபடி டீம்ல இருந்தவ, எந்த போட்டோ எடுத்தாலும் முன்னாடி வந்து நிக்கிற பொண்ணு. போன தை மாசம் பொண்ணு பார்க்க வந்தவங்க, "பொண்ணு லட்சணமா இருக்கா, கலர்தான் கொஞ்சம்..."னு இழுத்துட்டுப் போனாங்க. அதுக்கப்புறம்தான் ராத்திரியெல்லாம் ரீல்ஸ் பார்க்க ஆரம்பிச்சா. வெள்ளையாகுற வீடியோ ஒண்ணைப் பார்த்தா போதும், போன் அதையேதான் திரும்பத் திரும்பக் காட்டுது. எல்லாத்துலயும் ஒரே கதை. கருப்பா இருக்கும்போது அழுது, வெள்ளையானதும் சிரிக்கும்.

முதல் நாள் நானும் கூடப் போயிருந்தேன். வெள்ளை கோட்டு போட்ட அம்மா ஒருத்தங்க, எல்லாரும் டாக்டர் மேடம்னு கூப்பிட்டாங்க. டீ வாங்கிக் குடுத்து, ஊரு, வேலை எல்லாம் விசாரிச்சாங்க. அப்புறம் பெயின்ட் கடையில இருக்கிற மாதிரி ஒரு நீள அட்டையை எடுத்தாங்க. காபித்தூள் நிறத்துல தொடங்கி ரோஸ் வரைக்கும் கட்டம் கட்டமா நம்பர் போட்டது. பாப்பா கையைத் திருப்பி, முழங்கை உள்பக்கத்துல அதை வச்சுக் காட்டி, "பாரும்மா, வெயில் படாத இடம். இதுதான் உன் ஒரிஜினல் கலர், இதுதான் நீ. முகத்துல இருக்கிறது மேல படிஞ்சது, அதை எடுத்துட்டா போதும்"னாங்க. பாப்பாவுக்குக் கண்ணுல தண்ணி நின்னுடுச்சு. "இதுவரைக்கும் யாரும் என்கிட்ட இப்படிப் பேசினதே இல்லக்கா"ன்னா. அட்வான்ஸ் 10,000 அங்கயே ஜிபே பண்ணினா. மீதியை அடுத்த சம்பளமும் சீட்டுப் பணமும் சேர்த்துக் கட்டி முடிச்சா. மொத்தம் 38,500.

குடுத்தது ஒரு வெள்ளை டப்பா, தங்கக் கலர் மூடி. கம்பெனி பேர் இல்ல, பேட்ச் நம்பர் இல்ல, என்ன கலந்திருக்குன்னு ஒரு வரி இல்ல. சென்டர் ஸ்டிக்கர் மேல பேனாவுல "நைட்"னு எழுதியிருந்தது, அவ்வளவுதான். போட்ட கொஞ்ச நாள்லயே முகம் பளபளன்னு ஆச்சு. உடனே வரச்சொல்லி ரிங் லைட் முன்னாடி உட்கார வச்சு போட்டோ எடுத்தாங்க. அப்புறம்தான் ஆரம்பிச்சது. ஒரு நாள் க்ரீம் போடலன்னா எரிச்சல், கன்னம் ரெண்டும் சிவந்து, சீழ் வச்ச பரு, மீசை மாதிரிப் பூனை முடி. வெயில்ல பத்து நிமிஷம் நிக்க முடியல.

கேட்டா முதல்ல "உடம்புல இருக்கிற டாக்ஸின் வெளிய வருது, நல்லதுதான்"னாங்க. அடுத்து "வெயில்ல போயிருப்பீங்க"ன்னாங்க. அப்புறம் "மேடம் பெங்களூரு போயிருக்காங்க". நேர்ல போனா ரிசப்ஷன் பொண்ணு பில்லைத் திருப்பிக் காட்டுது, பின்னாடி பொடி எழுத்துல பணம் திரும்பத் தரப்படாதுன்னு போட்டிருக்கு. இன்னொரு 12,000 கட்டினா ரிப்பேர் பேக்கேஜ் இருக்காம்! நான் சத்தம் போட்டதும் அந்தம்மா உள்ள இருந்து வந்தாங்க (பெங்களூரு போனவங்கதான்). என் காதுகிட்ட வந்து, "கல்யாணம் ஆகவேண்டிய பொண்ணு, விஷயம் வெளிய போனா உங்களுக்குத்தான் அசிங்கம்"னாங்க. அன்னிக்கு ராத்திரியே எங்க ரெண்டு பேர் நம்பரும் பிளாக்.

தர்மபுரி ஜிஎச்ல தோல் டாக்டர்கிட்ட காட்டினோம். முகத்தையும் டப்பாவையும் பார்த்ததுமே ஸ்டீராய்டு க்ரீம் போட்ட முகம் இதுன்னு சொல்லிட்டாங்க. மொதல்ல ரத்தக்குழாய் சுருங்கி முகம் வெளுப்பாத் தெரியுமாம், போகப்போக தோல் மெலிஞ்சிடுமாம். விட்டாலும் எரியும், போட்டாலும் கெடுக்கும். சரியாக மாசக்கணக்கு ஆகும்னாங்க. 2018லயே மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாம விக்கக்கூடாத அட்டவணையில கொண்டுவந்துட்டாங்க. அதைத்தான் டப்பாவுல அடைச்சுக் குடுக்கிறாங்க போல.

எனக்கு வயிறு எரியறது வேற ஒண்ணுக்கு. ரிங் லைட்ல எடுத்த அந்த போட்டோவை இப்ப அவங்க விளம்பரத்துல போட்டிருக்காங்க. முதல் நாள் டியூப் லைட்ல எடுத்த போட்டோ "முன்", இது "பின்". என் தங்கச்சி ரூமைப் பூட்டிக்கிட்டு அழுதுட்டிருக்கா, அவ படத்தைக் காட்டி அடுத்த பொண்ணைக் கூப்பிடுறாங்க. நாம ராத்திரியெல்லாம் பார்த்து ஏங்குற முகம் எப்படித் தயாராகுதுன்னு இப்பத் தெரியுதா?

நிறம் கம்மியா இருந்தா கல்யாணம் ஆகாது, வேலை கிடைக்காதுங்கிற மாதிரி விளம்பரம் காட்டக்கூடாதுன்னு விளம்பரத் தரக் கவுன்சில் 2014லயே விதி போட்டது. 2020ல ஃபேர் அண்ட் லவ்லி பேரையே க்ளோ அண்ட் லவ்லின்னு மாத்தினாங்க. பேர்ல க்ளோ வந்துச்சு, இந்த சென்டர் பேர்லயும் க்ளோதான். உள்ள அதே நம்பர் அட்டை.

பாப்பா இப்ப கம்பெனி பஸ்ல துப்பட்டாவால முகத்தை மூடிக்கிட்டுப் போறா. அம்மா போன்ல இருந்த அவ போட்டோ எல்லாத்தையும் அழிச்சிட்டா, கபடியில கப் வாங்கின போட்டோவைக்கூட விடல. எனக்கு 38,500 ரூபாயைவிட இதுதான் தாங்கல. முழங்கையைத் திருப்பி "இதுதான் நீ"ன்னு சொன்னாளே அந்தக் கோட்டுக்காரி, அந்த வார்த்தை புண்ணைவிட ஆழமா இறங்கியிருக்கு. இருக்கிற முகம் தன்னோடது இல்லன்னு ஒரு பொண்ணை நம்ப வச்சிட்டா, அவகிட்ட எவ்வளவு வேணா கறக்கலாம்னு அவங்களுக்குத் தெரியும்.

என்ன பண்ணணும்னு விவரமா எழுதணும்னுதான் உட்கார்ந்தேன், முடியல. இதை மட்டும் கேளுங்க. லேபிள் இல்லாத டப்பாவைத் தொடாதீங்க. தயாரிச்சவங்க பேர், லைசென்ஸ் நம்பர், பேட்ச் நம்பர், காலாவதி தேதி எல்லாம் மேல இருந்தே ஆகணும். கோட்டு போட்டவங்களை டாக்டரான்னு பதிவு எண் கேளுங்க. ஏற்கெனவே போட்டுட்டிருந்தீங்கன்னா சட்டுன்னு நிறுத்தாதீங்க, தோல் டாக்டர்கிட்ட டப்பாவோட போங்க. பில், ஜிபே ஸ்க்ரீன்ஷாட், டப்பா எதையும் தூக்கிப் போடாதீங்க. நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லாம வழக்குப் போடலாம், நாங்க 38,500க்குப் போடப்போறோம். அவங்க பேஜ்ல ஆடித் தள்ளுபடின்னு புது வீடியோ ஓடுது, ரெண்டு பேரா வந்தா பாதி விலையாம். அக்கா தங்கச்சியா யாரும் போயிடாதீங்க.