இங்க்ஜெட் டெக்கால் தாள்: கியூர்பைப்பின் ஈரக் காற்றில் மை கசியாமல் நிற்குமா?

கியூர்பைப்பின் மாதிரிக் கப்பல் பட்டறைகளைப் பற்றிக் கேள்விப்படாத மொரிசியஸ்காரர் அரிது. 1744-இல் நம் வடகிழக்குக் கரையோரம் உடைந்து மூழ்கிய சேன் ஜெரான் போன்ற ஒரு கப்பலை வீட்டிலேயே செய்து பார்ப்பவர்களுக்கு, பின்புறப் பலகையிலும் பீடத்திலும் பெயர் எழுதும் வேலைதான் கடைசித் தலைவலி. பெயரை அச்சிட்டு, நீரில் நனைத்து, வழுக்கவிட்டு ஒட்டும் டெக்கால் அதற்கு நல்ல வழி. இங்க்ஜெட் பிரிண்டருக்கென்று விற்கப்படும் ஏ4 அளவு, ஒளி ஊடுருவும் டெக்கால் தாள் ஒன்றையே இங்கு மதிப்பிடுகிறேன். குறையும் சொல்ல வேண்டியிருப்பதால் தயாரிப்பாளரின் பெயரைக் குறிப்பிடவில்லை.

தாளின் தரத்தில் எனக்குப் புகார் இல்லை. அடியில் காகிதம், அதன்மேல் நீரில் கரையும் பசை, அதன்மேல் மெல்லிய படலம் என்ற வழக்கமான அமைப்புதான். படலம் சீராக இருக்கிறது, பிரிண்டரில் சிக்குவதில்லை, எழுத்தின் ஓரமும் கூர்மையாக விழுகிறது. சிக்கல் அடுத்த கட்டத்தில் இருக்கிறது. பெரும்பாலான இங்க்ஜெட் மைகள் நீரை அடிப்படையாகக் கொண்டவை. ஒட்டுவதற்கு அதே நீரில் தாளை நனைத்தாக வேண்டும். இடையில் வார்னிஷ் பூச்சு இல்லையென்றால் சாய மை கரைந்து ஓடிவிடும். நிறமித் துகள் கொண்ட மை சற்றுத் தாக்குப்பிடிக்கும் என்றாலும் அதை மட்டும் நம்பி நனைக்கக் கூடாது.

உறையில் உள்ள குறிப்பு, அச்சிட்ட பின் இந்த வார்னிஷாக நிறமற்ற அக்ரிலிக் ஸ்பிரேயை ஒரு முறை அடித்தால் போதும் என்கிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. ஒரே பூச்சில் முழுவதையும் மூட வேண்டுமானால் கனமாக அடிக்க நேரும். கனமாக விழும் ஸ்பிரேயில் உள்ள கரைப்பானே, நீர் படுவதற்கு முன்பாக, மையை இளக்கிவிடும். தமிழ் எழுத்தில் இந்தச் சேதம் உடனே தெரியும். பீடத்துக்காகச் சிறிய அளவில் அச்சிட்ட ‘சேன் ஜெரான்’ என்ற பெயரில் முதலில் பரவுவது ‘ன்’ மேலுள்ள புள்ளி. அடுத்து அதே எழுத்தின் சுழி அடைபட்டுக் கரும்பொட்டாகிறது. பிரெஞ்சு எழுத்தில் அதே கசிவு கண்ணில் படாமலே போய்விடலாம்.

அச்சிட்ட தாளை ஓர் இரவு காயவிட்டு, சுமார் 30 செ.மீ. தூரத்திலிருந்து பனி படிவதுபோல் முதல் பூச்சை மெல்லத் தெளித்து, அது தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்தபின் அடுத்தடுத்து இரண்டு பூச்சுகள் அடித்தால் இந்தத் தாள் மிக நன்றாகவே நடந்துகொள்கிறது. நீர் பசையை அடைவது பின்புறக் காகிதத்தின் வழியே என்பதால், மேலே எத்தனை பூச்சு இருந்தாலும் டெக்கால் கழலுவதில் தடையில்லை. ஆனால் மூன்றுக்கு மேல் போனால் படலம் விறைத்து, வளைந்த பலகையில் படியாது. வெட்டும்போது எழுத்தைச் சுற்றி 2, 3 மி.மீ. வெற்றிடம் விட வேண்டும், ஏனெனில் மை வெட்டு விளிம்பு வரை சென்றால் நீர் பக்கவாட்டில் புகுந்துவிடும். பிரிண்டரில் பளபளப்பான புகைப்படத் தாளுக்கான அமைப்பு சில சமயம் மையைத் தேக்கிவிடுகிறது. மேட் தாள் அமைப்பில் ஒரு துண்டை முதலில் சோதிப்பது நல்லது.

ஊரின் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஈரப்பதம் மிகுந்த நேரத்தில் ஸ்பிரே அடித்தால், கரைப்பான் ஆவியாகும் குளிர்ச்சியில் நீராவி படிந்து பூச்சு பால் நிறமாகிவிடும். மழை மிகுந்த மேட்டுநில ஊர்களான கியூர்பைப், வாக்குவா பக்கம் இருப்பவர்கள் மழையில்லாத முற்பகலுக்காகக் காத்திருப்பதே சரி. மழை குறைந்த கரையோரத்தில் இருக்கும் போர்ட் லூயிஸ்காரர்களுக்கு இந்தக் கவலை குறைவு.

லேசர் டோனர் வெப்பத்தால் உருகி ஒட்டும் பிளாஸ்டிக் தூள். அது நீரில் கரையாது. ஆகவே கறுப்பு எழுத்து மட்டும் வேண்டுவோர், லேசருக்கான டெக்கால் தாளை வாங்கி அச்சுக்கடையில் எடுத்துக்கொள்வது குறைந்த வேலை. இங்க்ஜெட் தாளை லேசர் பிரிண்டருக்குள் விட வேண்டாம். படலம் உருகி உருளையில் ஒட்டும் ஆபத்துண்டு. வண்ணக் கொடியோ சின்னமோ வேண்டுவோருக்கு இங்கு மதிப்பிட்ட தாளையே பரிந்துரைப்பேன், ஆனால் வெளிர் மரத்துக்கு மட்டும். வீட்டுப் பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது. கருமரத்தில் மஞ்சளும் சிவப்பும் மங்கி மறைந்துவிடும், அங்கே வெள்ளைப் படலத் தாள்தான் தேவை.

இன்னொரு குறை: உறையை மறுபடி மூட வழியில்லை. மீதித் தாள்களை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்துடன் ஜிப் பையில் போட்டு வையுங்கள். ஈரம் ஏறிச் சுருண்ட தாளைப் பிரிண்டர் ஒழுங்காக இழுக்காது.